கப்பலில் வந்த கேப்டன்!

ரக்பி விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறீர்களா? முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் தலைதெறிக்க ஓடுவார். எதிரணிக்காரர்கள் பாய்ந்து வந்து, இடுப்பைக் கட்டிப் பிடித்து அவரைத் தரையில் சாய்ப்பார்கள். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஏதோ அடிதடி நடப்பது போலத்தான் தோன்றும்!

இந்த விளையாட்டுக்கும் கிரிக்கெட்டைப் போலவே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கோப்பைப் போட்டி உண்டு. 1987-ம் ஆண்டு தொடங்கியது. கோப்பை நெருங்க நெருங்க, யார் ஜெயிப்பார்கள், யார் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுவார்கள் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். அந்தக் கணிப்புகளில் ஒரு நாட்டின் பெயர் தவறாமல் இடம் பிடித்துவிடும். அதுதான் நியூசிலாந்து.

நியூசிலாந்தின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்துச் சொச்சம்தான். ஆனால் 1987, 2011, 2015 என மூன்று முறை கோப்பையை வென்றிருக்கிறது. தென்னாப்பிரிக்கா நான்கு முறை வென்று அதை முந்திவிட்டது உண்மைதான். அதனால் என்ன? 2027-ம் ஆண்டுப் போட்டி ஆஸ்திரேலியாவில், முதல்முறையாக 24 அணிகளோடு நடக்க இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்களும் கறுப்பு உடை அணியும் நியூசிலாந்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

எப்போதுமே இப்படித்தானா? இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கிலாந்துக்கு ஒரு நியூசிலாந்து அணி கப்பலில் வந்து இறங்கியது. அந்த அணி பெரிதாக எதையாவது சாதிக்கும் என்று அங்கே அநேகமாக யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏன், அந்த அணிக்குள்ளேயே சிலருக்குத் தங்கள் கேப்டன் மீது நம்பிக்கை இல்லை!

அந்தக் கேப்டனின் பெயர் டேவ் கேலஹர்.

டேவ் பிறந்தது நியூசிலாந்தில் அல்ல. அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்தில் ராமெல்டன் என்ற சின்ன ஊரில், 1873-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பிறந்தான். அப்பா ஜேம்ஸ் துணிக்கடை வைத்திருந்தார். டேவ் பிறந்தபோது அவருக்கு 69 வயது! அம்மா மரியாவுக்கு 29 வயது.

கடையில் வியாபாரம் சரியாக நடக்கவில்லை. வீட்டிலோ நிறையப் பிள்ளைகள். அந்தச் சமயத்தில் ஸ்டூவர்ட் என்பவர், நியூசிலாந்தில் காட்டிகாட்டி என்ற இடத்தில் நல்ல விளைநிலம் கிடைக்கும், குடும்பத்தோடு வந்து குடியேறலாம் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தார். அதை நம்பி 1878-ம் ஆண்டு மே மாதம் குடும்பம் கப்பல் ஏறியது. அப்போது டேவுக்கு நாலரை வயது.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகத் தங்கள் குடும்பப் பெயரிலிருந்து ஓர் எழுத்தைக் கழற்றிவிட்டார்கள். அயர்லாந்தில் அந்தப் பெயரின் நடுவில் இரண்டாவதாக ஒரு 'ஜி' இருந்தது. புது ஊர்க்காரர்கள் அதை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது என்று குழம்பியதால் அந்த எழுத்துக்கு விடை கொடுத்துவிட்டார்கள்.

அதை விடப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. விளைநிலம் என்று சொன்ன இடம் வெறும் காடும் புதருமாகக் கிடந்தது. அதை வெட்டித் திருத்தினால்தான் விவசாயம். கையில் இருந்த பணமும் கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் குடும்பத்தைத் தாங்கியவர் அம்மாதான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் அத்தனை பேருக்கும் சோறு போட்டார்.

டேவுக்குப் பன்னிரண்டு வயதானபோது காலில் பலத்த அடிபட்டது. வைத்தியம் செய்தும் கால் தேறவில்லை. காலையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொள்ளவே இல்லை. படுக்கையில் கிடந்த பிள்ளையைப் பொறுமையாகக் கவனித்துத் தேற்றினார்கள். கால் பிழைத்தது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்க்க மைதானத்தில் ஓடிய கால் அதுதான்!

ஆனால் அம்மா பிழைக்கவில்லை. புற்றுநோய் வந்து வேலையை இழந்தார். டேவ் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனான். 1887-ம் ஆண்டு செப்டம்பரில் அம்மா இறந்துபோனார். அப்பாவோ எண்பது வயதைத் தாண்டிய கிழவர். மூத்த பிள்ளைகள்தான் தம்பி தங்கைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிழைப்புத் தேடிக் குடும்பம் ஆக்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது.

டேவ் அங்கே மாவு ஆலையில் வேலை பார்த்தார். பிறகு இறைச்சியை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, மேஸ்திரியாக உயர்ந்தார். கனமான இறைச்சித் துண்டங்களைத் தூக்கித் தோளில் போடும் வேலை. தனியாக உடற்பயிற்சி தேவையா என்ன? ஆறடி உயரம், உருக்கு உடம்பு. 1895-ல் ஆக்லாந்தின் பான்சன்பி ரக்பி கிளப்பில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஆக்லாந்து அணியில் இடம் கிடைத்தது.

நடுவில் ஒரு போர் வந்தது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர் என்ற டச்சு வம்சாவளி விவசாயிகளுக்கும் நடந்த சண்டை. 1901-ல் குதிரைப் படையில் சேர்ந்து போன கேலஹர், மலேரியாவையும் சந்தித்து, 1902-ல் ஊர் திரும்பினார். உடனே ரக்பிப் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது வயது 29-ஐ நெருங்கிவிட்டது. ஓய்வு பெறும் வயதில் இவர் தொடங்கினார் என்றே சொல்லலாம்!

1903-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சிட்னியில் நியூசிலாந்து தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. ஆஸ்திரேலியாவை 22 - 3 என்று வென்ற அந்த அணியில் கேலஹரும் இருந்தார். மறு ஆண்டு வெலிங்டன் நகருக்கு வந்த பிரிட்டன் அணியை 9 - 3 என்று தோற்கடித்தார்கள். இனி பிரிட்டனுக்கே போய் மோதிப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவானது.

* * *

1905-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி. வெலிங்டன் துறைமுகத்திலிருந்து 'ரிமுடாகா' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 27 ரக்பி வீரர்கள். கேப்டன் கேலஹர்.

கப்பல் நடுக்கடலுக்குப் போனதும் முணுமுணுப்பு கிளம்பியது. கேலஹர் ஆக்லாந்துக்காரர். ஆக்லாந்து இருப்பது வட தீவில். தென் தீவிலிருந்து வந்த வீரர்கள் சிலருக்கு மனத்தாங்கல். கேப்டனையும் துணைக் கேப்டனையும் வீரர்களே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், ரக்பி சங்கம் தன்னிஷ்டத்துக்கு நியமித்தது தப்பு என்பது அவர்கள் வாதம்.

இது கேலஹர் காதுக்கு எட்டியது. அவர் கோபப்படவில்லை, சமாதானம் பேசவும் இல்லை. மேலாளர் டிக்சனிடம் போய், கேப்டன் பதவியிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். துணைக் கேப்டனும் அப்படியே சொன்னார். டிக்சன் சம்மதிக்கவில்லை. விஷயம் ஓட்டெடுப்புக்கு வந்தது. கேலஹருக்கு ஆதரவாக 17, எதிராக 12!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓட்டுப் போட்டவர்களில் பன்னிரண்டு பேர் உங்களைக் கேப்டனாக ஏற்கவில்லை. அவர்களோடு ஒரே கப்பலில் ஆறு வாரம் போக வேண்டும். பிறகு மாதக்கணக்கில் அவர்களோடு சேர்ந்து ஆட வேண்டும். யார் எதிராகப் போட்டார்கள் என்று கேலஹர் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. மேல்தளத்தில் பயிற்சி நடந்தது. கப்பல் ஆடினால் வீரர்களும் ஆடினார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 8-ந் தேதி பிளைமவுத் துறைமுகத்தில் இறங்கினார்கள். முதல் ஆட்டம் எட்டு நாள் கழித்து, எக்செட்டர் நகரில் டெவன் கவுண்டி அணியோடு.

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். ரக்பியில் புள்ளி எப்படிக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் மீதிக் கதை ருசிக்கும். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னால் இருப்பவருக்கு வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் வீச வேண்டும். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திவிட்டால் அதற்குப் பெயர் 'டிரை'. இப்போது அதற்கு 5 புள்ளி. அந்தக் காலத்தில் 3 புள்ளிதான். டிரை போட்ட பிறகு, பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பத்துக்கு மேலே உதைத்தால் கூடுதலாக 2. ஓட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் போட்டு, அது எழும்போது உதைத்துக் கம்பத்தைத் தாண்ட வைத்தால் அந்தக் காலத்தில் 4. அதுதான் 'டிராப் கோல்'.

டெவன் பலமான அணி. உள்ளூர் ரசிகர்கள் நம்பிக்கையோடு வந்து உட்கார்ந்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு டிரை போட்டார்கள். இன்னொன்று போட்டார்கள். நிறுத்தவே இல்லை. மொத்தம் 12 டிரை! பில்லி வாலஸ் என்ற ஒரே வீரர் 28 புள்ளி எடுத்தார். டெவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிராப் கோல். முடிவு: நியூசிலாந்து 55, டெவன் 4.

செய்தி தந்தியில் போனது. வாங்கியவர்கள் திகைத்தார்கள். தந்தி அடித்தவர் பெயர்களை மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, டெவன் 55, நியூசிலாந்து 4 என்று அச்சடித்த பத்திரிகைகளும் உண்டு என்று சொல்வார்கள்!

அடுத்து கார்ன்வால் 41 - 0. பிரிஸ்டல் 41 - 0. நார்தாம்ப்டன் 32 - 0. லெஸ்டர் 28 - 0. இப்போது யாரும் அச்சுப்பிழை என்று நினைக்கவில்லை. ஏழாவது ஆட்டத்தில் டரம் அணி ஒரு டிரை போட்டது. நியூசிலாந்துக்கு எதிராக இந்தப் பயணத்தில் விழுந்த முதல் டிரை அதுதான். ஜெயித்ததென்னவோ நியூசிலாந்துதான், 16 - 3.

கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலுறை என்று வந்த இவர்களுக்குப் பத்திரிகைகள் 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர் சூட்டின. அந்தப் பெயர்தான் இன்றுவரை நிலைத்துவிட்டது.

இந்த அணியிடம் அப்படி என்னதான் இருந்தது? மந்திரம் ஒன்றுமில்லை. யோசித்து ஆடினார்கள்.

'ஸ்கிரம்' என்று ஒன்று உண்டு. ஆட்டம் தடைபட்டால், இரு அணியின் பலசாலிகளும் தோளோடு தோள் கோத்து, தலையைக் குனிந்து, ஒருவரையொருவர் முட்டித் தள்ளுவார்கள். நடுவில் பந்து உருட்டப்படும். காலால் பின்னுக்கு இழுத்துத் தங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும். பிரிட்டனில் இதற்கு எட்டுப் பேர் நிற்பார்கள். யார் முதலில் ஓடி வருகிறார்களோ அவர்கள் முன்வரிசை. மற்றவர்கள் கிடைத்த இடத்தில் சொருகிக்கொள்வார்கள். நியூசிலாந்துக்காரர்கள் ஏழே பேர்தான். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு. ஒவ்வொருவருக்கும் இடம் நிச்சயம், வேலையும் நிச்சயம். அதனால் ஏழு பேர் எட்டுப் பேரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்!

மிச்சமான அந்த எட்டாவது ஆள் யார் தெரியுமா? கேலஹர்தான். அவர் ஆடிய இடத்துக்கு 'விங் ஃபார்வர்ட்' என்று பெயர். பந்தை ஸ்கிரம்முக்குள் உருட்டிவிட்டு, அங்கேயே ஓரமாக நிற்பார். பந்து பின்னால் வந்ததும் அதை எடுக்கும் தன் அணிக்காரரை எதிரிகள் நெருங்க முடியாதபடி சுவர் மாதிரி மறைத்துக்கொள்வார்.

இது ஏமாற்று வேலை என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். நடுவர்கள் அவர் மீது அடிக்கடி விசில் ஊதினார்கள். உண்மையைச் சொன்னால், விதிக்கு உட்பட்டதா இல்லையா என்று இரண்டு பக்கமும் வாதாட இடம் இருந்தது. நியூசிலாந்தில் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1930-களின் தொடக்கத்தில் விதியை மாற்றியபோது அந்த இடமே ஒழிந்துபோனது. எதிர்த்தவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எது எப்படியோ, திட்டு அத்தனையும் விழுந்தது கேலஹர் ஒருவர் தலையில். அவர் பதிலுக்குச் சண்டைக்குப் போகவில்லை.

நவம்பரில் ஸ்காட்லாந்து. அந்த நாட்டு ரக்பி சங்கம் சாமர்த்தியமாக நடப்பதாக நினைத்து ஒரு காரியம் செய்தது. ஆட்டத்துக்கு இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே உறுதி தர மறுத்து, டிக்கெட்டில் வசூலாவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. கூட்டம் அலைமோதியது! பணம் முழுக்க நியூசிலாந்துக்குப் போனது. மைதானத்தில் மட்டும் நிலைமை மோசம். தரை உறைந்து கல்லாகிக் கிடந்தது. இடைவேளையில் ஸ்காட்லாந்து 7 - 6 என்று முன்னிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோதுதான் ஜார்ஜ் ஸ்மித் பாய்ந்து ஒரு டிரை போட்டார். பிறகு இன்னொன்று. 12 - 7. தப்பித்தார்கள்.

கேலஹருக்குக் காலில் அடி. அடுத்த வாரம் டப்ளின் நகரில் அயர்லாந்துடன் ஆட்டம். நாலரை வயதில் விட்டு வந்த தாய்நாட்டில், ஒரு நாட்டின் கேப்டனாகக் களம் இறங்கும் வாய்ப்பு. ஆனால் ஆட முடியவில்லை. அவர் இல்லாமலே அணி 15 - 0 என்று வென்றது. டிசம்பர் 2-ந் தேதி லண்டனில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் திரும்பி வந்தார். அதிலும் 15 - 0.

இருபத்தேழு ஆட்டம். இருபத்தேழும் வெற்றி. இப்போது கணிப்புகள் எல்லாம் தலைகீழ். இவர்களை யாராலும் அசைக்க முடியாது என்று எழுத ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த பெரிய அணி ஒன்றே ஒன்று. வேல்ஸ்.

டிசம்பர் 16, 1905. கார்டிஃப் நகரின் ஆம்ஸ் பார்க் மைதானம். ஏறக்குறைய 47,000 பேர். நியூசிலாந்து வீரர்கள் மாவோரி மக்களின் ஹாகா நடனத்தை ஆடினார்கள். காலை உதைத்து, தொடையைத் தட்டி, முழங்கும் நடனம் அது. பதிலுக்கு வேல்ஸ் வீரர்கள் தங்கள் தாய்நாட்டுப் பாட்டைத் தொடங்க, மைதானம் முழுவதும் எழுந்து சேர்ந்து பாடியது. எதிரில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

வேல்ஸ் சும்மா வரவில்லை. நியூசிலாந்தின் உத்தியைப் படித்துவிட்டு, தானும் ஸ்கிரம்முக்கு ஏழு பேரை நிறுத்தியது. முதல் பாதியில் எல்லோரும் வலப்பக்கம் ஓடுவது போல போக்குக் காட்டிவிட்டு, சட்டென்று பந்தை இடப்பக்கம் வீசினார்கள். அங்கே டெடி மார்கன் தயாராக இருந்தார். ஓரமாகப் பறந்து போய் டிரை போட்டார். 3 - 0.

நடுவர் ஜான் டல்லாஸ், ஸ்காட்லாந்துக்காரர். அவரும் கேலஹர் மீது விடாமல் விசில் ஊதினார். ஒரு கட்டத்துக்கு மேல், ஸ்கிரம்மில் பந்துக்காகப் போராட வேண்டாம் என்று கேலஹரே தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். தண்டனையில் புள்ளி போவதை விட, பந்து போவது மேல் என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் பந்தே கையில் இல்லாமல் எப்படி ஜெயிப்பது?

இரண்டாவது பாதியில் அந்தச் சம்பவம் நடந்தது. பாப் டீன்ஸ் என்ற இளம் வீரர் பந்தோடு பாய்ந்து, கோல் கோட்டின் மேல் விழுந்தார். கோட்டைத் தாண்டித்தான் வைத்தேன், வேல்ஸ் வீரர்கள் என்னை வெளியே இழுத்துவிட்டார்கள் என்றார் டீன்ஸ். கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தார் என்றார்கள் வேல்ஸ் வீரர்கள். நடுவரோ அப்போது ஆட்டத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வந்துகொண்டிருந்தார். சாதாரண உடையில், சாதாரண பூட்ஸ் போட்டு ஓடினார் என்றும் பிறகு குறை சொன்னார்கள். டிரை இல்லை என்று தீர்ப்பு. அவ்வளவுதான், ஆட்டம் வேல்ஸுக்கு.

இப்போது என்றால் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிடலாம். அன்று அது முடியாது. டீன்ஸ் 1908-ம் ஆண்டு, 24 வயதிலேயே நோயால் இறந்துவிட்டார். ஆனால் அது டிரையா இல்லையா என்ற சண்டை மட்டும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓயவில்லை. வேல்ஸ்காரரிடமும் நியூசிலாந்துக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில் கிடைக்கும்!

கேலஹர் என்ன செய்தார்? நடுவரைக் குறை கூறவில்லை. டீன்ஸ் டிரையைப் பற்றிப் புலம்பவில்லை. சிறப்பாக ஆடிய அணி வென்றது என்று ஒப்புக்கொண்டார்.

மீதி ஆட்டங்கள் எளிதாக இல்லை. களைப்பும் காயமும் சேர்ந்துவிட்டன. ஸ்வான்சீ கிளப்புடன் 4 - 3 என்று மயிரிழையில்தான் ஜெயித்தார்கள். 1906-ம் ஆண்டு புத்தாண்டு நாளில் பாரிஸில் பிரான்ஸை 38 - 8 என்று வென்றார்கள். பிரான்ஸ் தேசத்துக்கு அதுதான் முதல் டெஸ்ட். பிறகு அமெரிக்கா வழியாக ஊர் திரும்பினார்கள். மொத்தம் 35 ஆட்டம், 34 வெற்றி. எடுத்த புள்ளி 976. கொடுத்தது 59! இவ்வளவுக்கும் வீரர்களுக்குக் கிடைத்தது கைச்செலவுக்கு ஒரு நாளைக்கு மூன்று ஷில்லிங்.

ஊர் திரும்பும் முன் கேலஹரும், துணைக் கேப்டனாக இருந்த பில்லி ஸ்டெட்டும் சேர்ந்து ரக்பி பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். ஸ்டெட் செருப்புத் தைக்கும் தொழிலாளி, கேலஹர் இறைச்சிக் கிடங்கு மேஸ்திரி. இருவரும் எழுதிய அந்த 322 பக்கப் புத்தகத்தை ரக்பி பயிற்சியாளர்கள் இன்றும் மதிக்கிறார்கள்.

அதோடு கேலஹர் நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டார். 1906-ல் எல்லன் என்ற பெண்ணை மணந்தார். 1908-ல் நோரா பிறந்தாள். அதே பழைய வேலைக்குப் போய்க்கொண்டே ஆக்லாந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தார், நியூசிலாந்து அணியின் தேர்வாளராகவும் இருந்தார். கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்...

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. 1916-ம் ஆண்டு மே மாதம் கேலஹர் ராணுவத்தில் பெயர் கொடுத்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்கு வயது 42. வீட்டில் மனைவி, ஏழு வயது மகள். ஆனால் படிவத்தில் பிறந்த ஆண்டை 1873 என்று எழுதாமல் 1876 என்று எழுதினார்!

அவர் தம்பி டக்ளஸ் ஜூன் மாதம் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். தம்பியின் சாவுக்குப் பழிவாங்கத்தான் கேலஹர் போருக்குப் போனார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தேதியைப் பாருங்கள். தம்பி இறப்பதற்கு முன்பே அவர் பெயர் கொடுத்துவிட்டார். பழைய படைவீரர், பலர் அறிந்த கேப்டன். இளைஞர்கள் போகும்போது தான் மட்டும் வீட்டில் இருப்பது சரியில்லை என்று நினைத்திருக்கலாம்.

1917-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கு அருகே கிராவன்ஸ்டாஃபல் என்ற மேட்டைப் பிடிக்க நியூசிலாந்துப் படை முன்னேறியது. குண்டுச் சிதறல் ஒன்று கேலஹரின் இரும்புத் தொப்பியைத் துளைத்துக்கொண்டு பாய்ந்தது. பின்னால் இருந்த மருத்துவ முகாமுக்குத் தூக்கிப் போனார்கள். அன்றே இறந்துவிட்டார். இன்னும் 26 நாள் இருந்திருந்தால் 44 வயது நிறைந்திருக்கும். மறு ஆண்டு இன்னொரு தம்பி ஹென்றியும் போரில் இறந்தார்.

போப்பரிங்க என்ற ஊருக்கு அருகே உள்ள நைன் எல்ம்ஸ் இடுகாட்டில் கேலஹரைப் புதைத்தார்கள். கல்லறைக் கல்லில் பெரணி இலை செதுக்கப்பட்டிருக்கிறது. நியூசிலாந்து வீரர்கள் சட்டையில் நெஞ்சருகே வெள்ளியில் பளபளக்குமே, அதே இலை. கல்லில் உள்ள வயது மட்டும் உண்மை வயதை விடக் குறைவு!

ஐரோப்பாவுக்கு ஆட வரும் நியூசிலாந்து வீரர்கள் அந்தக் கல்லறையைத் தேடிப் போவதுண்டு. 2000-ம் ஆண்டு முதல் நியூசிலாந்தும் பிரான்ஸும் மோதும் டெஸ்ட் ஆட்டங்களுக்கு டேவ் கேலஹர் கோப்பை வழங்கப்படுகிறது.

1905-ல் தொடங்கிய அந்த எதிர்பார்ப்பு நியூசிலாந்துக்குச் சுகமாக மட்டும் இருக்கவில்லை. 2007 உலகக் கோப்பையில், கோப்பை இவர்களுக்குத்தான் என்று கணித்தார்கள். காலிறுதியில் பிரான்ஸ் 20 - 18 என்று தோற்கடித்து அனுப்பிவிட்டது. எந்த ஊரில் தெரியுமா? கார்டிஃபில்! டீன்ஸ் கோட்டின் மேல் விழுந்த ஆம்ஸ் பார்க்கை ஒட்டிய மைதானத்தில்.

2011 உலகக் கோப்பை நியூசிலாந்தில் நடந்தது. இறுதி ஆட்டம் ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில். எதிரணி மறுபடியும் பிரான்ஸ். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 8 - 7 என்று ஒரே புள்ளியில் நியூசிலாந்து கோப்பையைத் தூக்கியது. மைதானத்துக்கு வெளியே அந்த ஆண்டுதான் புதிதாக ஒரு வெண்கலச் சிலை வைத்திருந்தார்கள். கேலஹரின் சிலை.

அயர்லாந்திலும் அவரை மறக்கவில்லை. டோனிகால் மாவட்டத்தில், ராமெல்டனுக்குச் சில மைல் தூரத்தில் லெட்டர்கெனி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ரக்பி கிளப் 2005-ல் தன் மைதானத்துக்கு டேவ் கேலஹர் பெயரை வைத்தது. திறந்து வைக்க நியூசிலாந்து அணியின் அப்போதைய கேப்டன் டானா உமாகா வந்திருந்தார். துணிக்கடைக்காரர் மகன் கப்பலேறிப் போன அந்த மாவட்டத்துப் பிள்ளைகள், இப்போது அவர் பெயர் தாங்கிய புல்தரையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.